வாசகர் கேள்வி – பதில்: சூடேறிய நீரில் மீனின் கல்லீரல்

நீர் சூடேறும் நாட்களில் மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பதற்குக் கரைந்த ஆக்சிஜன் குறைவதே முதற்காரணம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல, செத்த மீன்களைவிடப் பிழைத்த மீன்களைப் பற்றியே கேட்கின்றன. பார்வைக்கு நலமாகத் தெரியும் அந்த மீன்களின் கல்லீரல் என்ன நிலையில் இருக்கும் என்பதே பெரும்பாலோரின் ஐயம். பொதுவான சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: நீர் சூடானால் அதோடு நேரடியாகத் தொடர்புள்ள செவுள் பாதிக்கப்படும் என்பது புரிகிறது. உடலுக்குள்ளே பத்திரமாக இருக்கும் கல்லீரல் ஏன் பாதிக்கப்பட வேண்டும்?

பத்திரமாக இருக்கிறது என்று நாம் எண்ணுவது, உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் பாலூட்டிகளை மனத்தில் வைத்துத்தான். சூரை போன்ற சில கடல்மீன்களை விட்டுவிட்டால், மீனின் உடல் வெப்பம் என்பது அது நீந்தும் நீரின் வெப்பமே. இரத்தம் ஒவ்வொரு சுற்றிலும் செவுளின் மெல்லிய சவ்வுக்கு இந்தப்பக்கம் நீரை ஒட்டியே ஓடிவருவதால், நீர் 32 டிகிரி செல்சியஸுக்கு ஏறினால் கல்லீரலும் சிறிது நேரத்தில் ஏறத்தாழ அதே வெப்பத்துக்கு வந்துவிடும்.

மீன் தாங்கக்கூடிய எல்லைக்குள் வெப்பம் 10 டிகிரி கூடினால், அதன் வளர்சிதை மாற்றம் இரண்டு முதல் மூன்று மடங்கு விரைவாகிறது. நீரோ எதிர்த்திசையில் செல்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சமாகச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகச் சுருங்கிவிடும். செலவு இரட்டிப்பாகும் வேளையில் வரவு குறைகிறது.

இந்தப் பற்றாக்குறை எல்லா உறுப்புகளையும் தாக்கும் என்றாலும், கல்லீரல் கடைமடையில் இருக்கிறது. அதற்கு வரும் இரத்தத்தில் பெரும்பங்கு, குடல் தனக்கு வேண்டிய ஆக்சிஜனை எடுத்துக்கொண்ட பிறகு போர்ட்டல் சிரை வழியாக வந்து சேர்வது. தமனி வழியாக நேராக வரும் புதிய இரத்தம் சிறு பங்கே. வெப்ப அயர்ச்சியில், அதாவது சூடு தரும் நெருக்கடியில், உடல் குடலுக்குப் போகும் இரத்தத்தையும் குறைத்துவிடுவதால், கடைமடைக்கு வருவது இன்னும் மெலிந்துபோகிறது.

வருவது குறையும் அதே நேரத்தில் கல்லீரலின் வேலைகள் கூடுகின்றன. மீனின் தலைப்பக்கச் சிறுநீரகத்தில் உள்ள செல்கள் அட்ரினலின், கார்டிசால் என்ற அயர்ச்சி ஹார்மோன்களைச் சுரக்க, அவற்றின் ஏவலால் கல்லீரல் சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் விடுகிறது. சேமிப்பு தீர்ந்துவிட்டால் அமினோ அமிலங்களிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்யத் தொடங்குகிறது. சில மணி நேர வெப்பத்தில் இது உயிர்காக்கும் ஏற்பாடு. நாட்கணக்கில் நீடித்தால், உடலின் புரதத்தையே எரித்து அடுப்பை மூட்டும் நிலை.

செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் விரைந்து ஓடும்போது அவற்றிலிருந்து வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசிகின்றன என்பது அடுத்த சிக்கல். மீனின் செல் சவ்வுகளில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. நமக்கு நல்லது என்று சொல்லப்படும் ஒமேகா-3 வகையும் அவற்றுள் அடங்கும். இவை ஆக்சிஜனேற்றத்துக்கு மிக எளிதில் இரையாகும். இதைத் தடுக்க சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டதயோன் பெராக்சிடேஸ் ஆகிய நொதிகள் கல்லீரலில் இருக்கின்றன. வெப்பத்தின் தொடக்கத்தில் இவற்றின் செயல் கூடுவதும், அயர்ச்சி நீளும்போது தளர்ந்து குறைவதும் பல மீன் இனங்களில் காணப்பட்டிருக்கிறது. ஆகவே நொதியின் அளவு கூடியிருக்கிறது என்ற ஒற்றைச் செய்தியை வைத்துக்கொண்டு மீன் சமாளித்துவிட்டது என்றோ தோற்றுவிட்டது என்றோ சொல்ல முடியாது. எத்தனையாவது நாளில் அளந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

புரதங்களும் சூட்டில் மடிப்புக் குலைகின்றன. அவற்றைத் தாங்கிப் பிடித்து மீண்டும் மடிக்க உதவுபவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். இந்த ஏற்பாடு முதலில் மீனில் கண்டறியப்பட்டதல்ல. இத்தாலிய அறிவியலாளர் ஃபெருச்சியோ ரிட்டோசா வளர்த்த பழ ஈக்களின் வெப்பப் பெட்டியில் யாரோ தவறுதலாகச் சூட்டைக் கூட்டிவிட, ஈக்களின் குரோமோசோம்களில் புதிய புடைப்புகள் தோன்றியதை அவர் கவனித்தார். 1962இல் அதை வெளியிட்டார். இன்று மீன் கல்லீரல் ஆய்வுகளில் வழக்கமாக அளக்கப்படும் ‘எச்எஸ்பி 70’ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றைச் செய்வதற்கும் இயக்குவதற்கும் ஆற்றல் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. என்றும் உறைநிலைக் குளிரில் வாழும் அண்டார்க்டிக் மீன்களில் டிரெமடோமஸ் பெர்னாக்கி என்ற இனம், சூடேற்றினாலும் இந்தப் புரதத்தைக் கூடுதலாகச் செய்வதில்லை. தேவைப்படாத ஆயுதத்தைக் காலப்போக்கில் கைவிட்டுவிட்டது போலும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அயர்ச்சிக்கு எல்லா மீனுக்கும் பொதுவான ஒரு டிகிரி கிடையாது. திலேப்பியா 30 டிகிரியில் நன்றாக மேய்ந்து வளரும். ரெயின்போ ட்ரவுட் ஏறத்தாழ 25 டிகிரியிலேயே உயிருக்குப் போராடும். இனத்தைச் சொல்லாமல் வெப்பத்தை மட்டும் எழுதிக் கேட்பவர்களுக்கு நான் பதில் எழுத முடியாமல் போவது இதனால்தான்.

கேள்வி: வெப்பம் மிகுந்த ஒரு வாரத்தில் குளத்தில் இறந்து மிதந்த கெண்டைகளை அறுத்துப் பார்த்தேன். கல்லீரல் வெளிறி, களிமண் நிறத்தில், தொட்டால் குழைந்தது. ஓரத்தில் பச்சைக் கறையும் இருந்தது. வெப்பத்தால்தான் கல்லீரல் கெட்டது என்று கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். நீங்கள் கண்ட மூன்று அடையாளங்களில் இரண்டு, மீன் இறந்த பிறகு உண்டானவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சூடான நீரில் மிதக்கும் மீனின் உள்ளுறுப்புகள் சில மணி நேரத்திலேயே தம் நொதிகளால் தாமே கரையத் தொடங்கிவிடும். கல்லீரல் குழைவது அதனால். பித்தப்பையின் சுவர் தளர்ந்து பித்தநீர் கசிந்தால் பக்கத்தில் இருக்கும் கல்லீரலில் பச்சை படியும். எனவே மிதந்த மீனின் கல்லீரலைப் பார்த்துச் சொல்லும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

வெளிறிய நிறம் கவனிக்கத்தக்கது. ஆனால் அதற்கும் வேறு விளக்கம் உண்டு. கெண்டையில் கல்லீரலும் கணையத் திசுவும் ஒன்றோடொன்று கலந்து, குடல் மடிப்புகளின் இடுக்குகளில் பரவிக் கிடக்கும். மாவுச்சத்தும் கொழுப்பும் மிகுந்த தீவனத்தைத் தாராளமாகத் தின்று வளர்ந்த பண்ணை மீனில், வெப்பமே இல்லாத நாளிலும் அது கொழுப்பேறி வெளிறியே இருக்கும். வெப்ப அயர்ச்சியும் கொழுப்பைக் கையாளும் திறனைக் கெடுத்து அதே வெளிறலைத் தரக்கூடும். கண்ணால் மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

உண்மையை அறிய விரும்பினால், உயிரோடு இருந்தும் சோர்ந்து ஒதுங்கி நீந்தும் மீன் இரண்டையும், சுறுசுறுப்பாக இருக்கும் மீன் இரண்டையும் பிடித்து, உடனே வலியின்றிக் கொன்று அறுத்து ஒப்பிடுங்கள். நலமான கல்லீரல் பெரும்பாலும் செம்பழுப்பு நிறத்தில், ஓரம் கூர்மையாக, பளபளப்போடு இருக்கும். ஓரம் மழுங்கி வீங்கியிருப்பது, திட்டுத்திட்டாக நிறம் மாறியிருப்பது, ஊசிமுனை போன்ற இரத்தப் புள்ளிகள் இருப்பது ஆகியவை ஐயத்துக்குரியவை. பித்தப்பையையும் பாருங்கள். அது கரும்பச்சை நிறத்தில் உப்பி நிறைந்திருந்தால், மீன் சில நாட்களாகத் தின்னவில்லை என்று பொருள். உணவு குடலுக்கு வரும்போதுதான் அது சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றும். கல்லீரலில் ஒரு சிறு துண்டை, அரை சென்டிமீட்டர் தடிப்புக்கு மிகாமல் வெட்டி, 10 விழுக்காடு ஃபார்மலினில் உடனே இட்டுவிட்டால், திசு ஆய்வு செய்யும் ஆய்வகம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: நான் முதுநிலை மாணவி. வெப்ப அயர்ச்சிக்கு ஆளான மீன்களின் கல்லீரல் பாதிப்பை அறிய இரத்தத்தில் ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகளை அளந்தால் போதுமா? நுண்ணோக்கியில் எவற்றை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

போதாது. கல்லீரல் செல்லின் சவ்வு சிதையும்போது இவ்விரு நொதிகளும் இரத்தத்தில் கசிவது உண்மை. ஆனால் ஏஎஸ்டி தசையிலும் இதயத்திலும் ஏராளமாக இருக்கிறது. வலையில் துள்ளித் துவண்ட மீனின் இரத்தத்திலும் அது கூடிவிடும். பிடிக்கும் முறையும் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒன்றாக இல்லாவிட்டால், நீங்கள் அளப்பது வெப்பத்தின் விளைவையா வலையின் விளைவையா என்று யாருக்கும் தெரியாது.

கல்லீரல் எடையை உடல் எடையால் வகுத்து 100ஆல் பெருக்கும் விகிதத்தையும் பலர் நம்பியிருக்கிறார்கள். கிளைக்கோஜனும் கொழுப்பும் தீர்ந்தால் அது குறையும், கொழுப்பு தேங்கினால் கூடும். இரண்டும் ஒரே கல்லீரலில் அடுத்தடுத்து நடந்தால் எண் மாறாமலேயே நின்றுவிடும். முட்டை வளரும் பருவத்துப் பெண் மீனில் அயர்ச்சி எதுவும் இல்லாமலே கல்லீரல் பெருக்கும். ஆண், பெண் இரண்டையும் கலந்து சராசரி எடுத்த அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நுண்ணோக்கியில் முதலில் ஒரு நலமான செல்லை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பலகோண வடிவம், நடுவில் உருண்டை உட்கரு, அதற்குள் ஒரு தெளிவான புள்ளி. செல் வரிசைகளுக்கு நடுவே குறுகிய இரத்தத் தந்துகிகள். அயர்ச்சியுற்ற கல்லீரலில் செல்லுக்குள் வெற்றுக் குமிழ்கள் தோன்றி, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருக்கும். தந்துகிகள் விரிந்து, சிவப்பணுக்கள் நெருங்கி அடைந்திருக்கும். இன்னும் முற்றிய நிலையில் உட்கரு சுருங்கிக் கருத்து, செல் எல்லைகள் மங்கி, திசு செத்த திட்டுகள் தெரியும். குமிழ்கள் கொழுப்பாகவும் இருக்கலாம், கிளைக்கோஜனாகவும் இருக்கலாம்; வழக்கமான சாயத்தில் இரண்டுமே வெறுமையாகத்தான் தெரியும். ஓரம் கூர்மையான உருண்டைக் குமிழ் பெரும்பாலும் கொழுப்பு என்றாலும், உறைவெட்டு எடுத்து ஆயில் ரெட் ஓ சாயமும், கிளைக்கோஜனுக்குப் பிஏஎஸ் சாயமும் ஏற்றிப் பார்க்காமல் ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

பாலூட்டியின் கல்லீரலைப் படித்துவிட்டு வருபவர்கள் மீனில் அறுகோண நுண்மடல்களைத் தேடி ஏமாறுவது வழக்கம். பெரும்பாலான மீன்களில் அந்த ஒழுங்கு இருப்பதில்லை. இல்லாததைச் சிதைவு என்று குறித்துவிட வேண்டாம்.

கேள்வி: வண்ணமீன் தொட்டியின் நீர் சூடாகிவிட்டால் பனிக்கட்டி போட்டு உடனே குளிர்விக்கலாமா?

கூடாது. திடீர்க் குளிர்ச்சியும் கார்டிசாலை ஏற்றும் இன்னோர் அயர்ச்சியே. மணிக்கு ஓரிரு டிகிரிக்கு மேல் இறங்காதபடி, மூடியைத் திறந்து வைத்து, நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறிக் காற்று படச் செய்து, காற்றுக்குழாயை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். அன்று தீவனம் வேண்டாம். நீர்ச் சூடேற்றி மாட்டியிருந்தால் அது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல தொட்டிகளில் குற்றவாளி அதுதான்.

கேள்வி: வெப்ப நாட்களில் கல்லீரலைக் காக்க வைட்டமின் கலவைகளும் ‘கல்லீரல் டானிக்’குகளும் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார்கள். பயன் உண்டா?

பெரும்பாலான எலும்பு மீன்களால் வைட்டமின் சி-யைத் தாமே உற்பத்தி செய்ய முடியாது. அதுவும், சவ்வுகளின் கொழுப்பைக் காக்கும் வைட்டமின் ஈ-யும், குளுட்டதயோன் பெராக்சிடேஸ் வேலை செய்யத் தேவையான செலினியமும் தீவனத்தில் உரிய அளவில் இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. வெப்பம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே அவற்றைச் சரிசெய்துவிட்டால் பயன் உண்டு. மீன் தீவனத்தைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் நாளில் தீவனத்தில் எதைக் கலந்தால் என்ன?

என் கருத்தில், டானிக்குக்குச் செலவிடுவதை முதலில் காற்றூட்டிக்குச் செலவிடுங்கள். அடுத்து, தீவனத்தைக் குறையுங்கள். உண்டபின் செரிமானத்துக்காக மீனின் ஆக்சிஜன் செலவு பல மணி நேரம் உயர்ந்தே இருக்கும். புரதம் உடைந்து அமோனியாவும் உண்டாகும். செவுள் வழியே வெளியேறும் அந்த அமோனியாவில் நச்சுத்தன்மை மிகுந்த வடிவத்தின் பங்கு வெப்பத்தோடு கூடுகிறது: காரகாடி மதிப்பு (pH) 8 உள்ள நன்னீரில் 20 டிகிரியில் அது சுமார் 4 விழுக்காடு, 30 டிகிரியில் சுமார் 7.5 விழுக்காடு. விடியலில் ஆக்சிஜன் மிகக் குறைவு, பிற்பகலில் சூடு மிக அதிகம் என்பதால், கொடுப்பதைப் பாதியாக்கி முற்பகலில் ஒரே வேளையாகக் கொடுப்பது நல்லது. மிகக் கடுமையான நாளில் அதையும் நிறுத்தலாம். ஓரிரு நாள் பட்டினியை மீன் எளிதில் தாங்கும்.

இன்னொன்று. வெப்பம் குளத்தில் மட்டும் இல்லை, தீவனம் அடுக்கிய கொட்டகையிலும் இருக்கிறது. மீன் எண்ணெய் கலந்த தீவனம் சூட்டில் காறிப்போனால், அந்தக் கொழுப்பே கல்லீரலைச் சிதைக்கும். ஈரம் புகுந்து பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு சேரும். 1960ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க மீன் பண்ணைகளில் ரெயின்போ ட்ரவுட்டுகளுக்குக் கூட்டங்கூட்டமாகக் கல்லீரல் புற்று வந்தபோது, காரணத்தைத் தேடியவர்கள் கடைசியில் தீவனத்தில் கலந்திருந்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் இந்த நச்சைக் கண்டார்கள். சூட்டால் தளர்ந்த கல்லீரலிடம் இத்தகைய நச்சையும் முறிக்கச் சொல்வது இரட்டைச் சுமை. மூட்டையைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். காறல் வாடையோ பூஞ்சை வாடையோ அடித்தால், விலையைப் பாராமல் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: தாய்மீன்கள் வெப்பத்தில் பிழைத்துவிட்டன. ஆனால் முட்டைகள் சிறுத்து, பொரிப்பும் குறைந்துவிட்டது. சினைப்பை கெட்டுவிட்டதா?

சினைப்பையோடு கல்லீரலையும் சேர்த்துப் பாருங்கள். முட்டைக் கருவுக்கு வேண்டிய மூலப்பொருளான வைட்டலோஜெனின் என்ற புரதம் சினைப்பையில் உண்டாவதில்லை. சினைப்பை ஈஸ்ட்ரடையால் என்ற ஹார்மோனைச் சுரந்து ஏவ, கல்லீரல் அந்தப் புரதத்தைச் செய்து இரத்தத்தில் அனுப்ப, வளரும் முட்டைகள் அதை உள்வாங்கிக்கொள்கின்றன. வெப்பம் இந்தச் சங்கிலியின் இரு முனைகளையும் தளர்த்துகிறது. தாஸ்மேனியாவில் அட்லாண்டிக் சால்மனைக் கொண்டு நடந்த ஆய்வுகளில், 14 டிகிரியில் வைத்த தாய்மீன்களோடு ஒப்பிட, 22 டிகிரியில் வைத்தவற்றில் ஈஸ்ட்ரடையாலும் வைட்டலோஜெனினும் குறைந்தன. முட்டைகளும் சிறுத்து, கருக்கள் பிழைப்பதும் குறைந்தது. உங்கள் மீன் வேறு இனமாக இருக்கலாம், சங்கிலி அதுவே. முட்டை வளரும் மாதங்களில்தான் தாய்மீனுக்குக் குளிர்ந்த, ஆழமான நீர் மிகவும் தேவை. முட்டையிடும் வாரத்தில் மட்டும் கவனித்தால், கல்லீரல் செய்யாமல் விட்டதை ஈடுசெய்ய முடியாது.

கேள்வி: வெப்பம் தணிந்தபின் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்புமா? எப்போது வழக்கமான தீவனத்துக்குத் திரும்பலாம்?

செத்த திட்டுகள் பரவலாக இல்லாவிட்டால் திரும்பும். மீனின் கல்லீரல் மீண்டும் வளரும் ஆற்றல் உடையது. வரிக்குதிரை மீனின் மூன்று மடல்களில் ஒன்றை வெட்டி நீக்கினாலும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் கல்லீரல் பழைய எடையை எட்டிவிடுவதை ஆய்வகங்களில் காட்டியிருக்கிறார்கள். அது நல்ல நீரில், நல்ல ஆக்சிஜனில் இருக்கும் மீன் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெப்பம் மெல்ல மெல்லக் கூடினால் மீன் சில வாரங்களில் தன் சவ்வுக் கொழுப்புகளையும் நொதிகளையும் மாற்றிக்கொண்டு ஓரளவு பழகியும் கொள்ளும். இரவிலும் நீர் குளிராத தொடர்வெப்பத்தில்தான் சீரமைப்புக்கு இடைவெளியே கிடைப்பதில்லை.

வெப்பம் தணிந்த ஒன்றிரண்டு வாரங்களில் புண்களோடும் துடுப்பழுகலோடும் மீன்கள் விழுவதைப் பண்ணையாளர்கள் புதிய நோய் என்று எண்ணுகிறார்கள். கார்டிசால் நீடித்து உயர்ந்திருந்ததால் நோயெதிர்ப்பு தளர்ந்திருக்கும். இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் பலவற்றைச் செய்யும் கல்லீரலும் களைத்திருக்கும். ஆகவே தணிந்த மறுநாளே, இழந்த எடையை ஈடுகட்டுவதாக எண்ணித் தீவனத்தைக் கொட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, பத்து நாட்களில் படிப்படியாக முழு அளவுக்கு வாருங்கள். வலை இழுப்பது, மீன்களைத் தரம் பிரிப்பது, குளம் மாற்றுவது, மருந்துக் குளியல் ஆகியவற்றையும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.

மீன்கள் தீவனத்துக்கு ஓடிவருவதை மட்டும் வைத்துக் குணமாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பசி கல்லீரலுக்கு முன்பே திரும்பிவிடும். பதினைந்தாம் நாள், தீவனமிட்ட சில மணி நேரம் கழித்து, இரண்டு மீன்களை அறுத்துப் பாருங்கள். பித்தப்பை சுருங்கி, கல்லீரலின் ஓரம் மீண்டும் கூர்மையாகி, அந்தச் செம்பழுப்பு நிறமும் வந்திருந்தால், வழக்கமான அளவைத் தொடரலாம்.